மொஸெல் கொண்டுவராத அடுக்கு

வியாழக்கிழமை காலையில் வெர்டி ஆப்பிள் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசல்கதவை விரியத் திறந்துவைத்தாள். அக்டோபர் காற்று உள்ளே நுழைந்து அடுப்புச் சாம்பலைக் கிளப்பியது. கிளப்பட்டும் என்று விட்டுவிட்டாள். பெண் வீட்டில் ஆப்பிள் வேகிற வாசனை லாரல் ஓடை நெடுகக் கீழே இறங்க வேண்டும். அதை மோந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரியும் தான் சுட்ட கேக் அடுக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு மேடேறி வருவாள். கல்யாணக் கேக் அங்கே அப்படித்தான் உருவாகும். ஆப்பிள் பெண் வீட்டுடையது, அடுக்குகள் ஊருடையவை. வந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுநடுவே ஆப்பிள் கூழைத் தடவி, இரண்டு நாள் குளிர்ந்த இடத்தில் மூடிவைப்பார்கள். அப்போதுதான் ஓடு மாதிரி இருக்கிற அடுக்குகள் ஊறி மெத்தென்று ஆகும். சனிக்கிழமை கல்யாணம் என்றால் வியாழக்கிழமை அடுக்கு வந்தாக வேண்டும்.

மத்தியானம் வரை ஒருத்தியும் வரவில்லை.

வருவார்கள் என்று நினைத்ததே வெர்டியின் அசட்டுத்தனம். அவள் புருஷன் ஆர்லி ஒரு கருங்காலி. ஜூனில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஓடைக்கரை முழுக்க அவித்த பீன்ஸையும் காட்டுக்கீரையையும் தின்றுகொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தது. ஆகஸ்டில் ஒருநாள் விடியுமுன் ஆர்லி தன் விளக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு தனியாளாகச் சுரங்கத்துக்குள் இறங்கினான். உள்ளூர்க்காரனே இறங்கிவிட்டான் என்று காட்டிக் கம்பெனி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பியது. செப்டம்பரில் நிறுத்தம் உடைந்தது. யாரைத் திரும்ப எடுப்பது, யாரை விரட்டுவது என்று கம்பெனி நிதானமாகப் பொறுக்கியது. விரட்டப்பட்டவர்களில் ஒருவன் க்ளைட். அவன் மனைவி மொஸெல், வெர்டிக்கு உயிர்ச் சிநேகிதி. வெர்டியின் மகள் டெசி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தான்.

ஆகஸ்டிலிருந்து அந்த வீட்டோடு யாரும் பேசுவதில்லை. வெர்டி கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் அரைவாளித் தண்ணீரோடு நகர்ந்துவிடுவார்கள். ஒரு ராத்திரி யாரோ வாசல்கதவில் கரியால் 'கருங்காலி' என்ற அந்த ஒற்றை வார்த்தையை எழுதிவிட்டுப் போனார்கள். டெசி கழுவக் கழுவ அது மங்கியதே தவிரப் போகவில்லை.

ஊர் பேசாத அந்த நாளெல்லாம் தாயும் மகளும் ஆப்பிளோடு மாரடித்தார்கள். தோல் சீவி, நடுக்கொட்டையைக் குடைந்தெடுத்து, துண்டு போட்டு, தகரக் கூரைமேல் துணி விரித்துக் காயவைப்பது லேசான வேலையில்லை. குளவி மொய்க்கும். பனி இறங்குமுன் ஏணி ஏறி அள்ள வேண்டும். முந்தைய வருஷங்களில் மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தால், கீழ்வீட்டிலிருந்து மொஸெல் தொண்டை கிழியக் கத்துவாள்: "மேகம்டீ வெர்டி! ஏறுடீ!" அவள் வீட்டிலிருந்து பார்த்தால்தான் அந்தப் பக்கத்து வானம் தெரியும். இந்த வருஷம் மேகம் வந்தது, மொஸெல் வாயைத் திறக்கவில்லை. ஒரு கூரை ஆப்பிள் முழுக்க நனைந்து பூசணம் பிடித்துப் போயிற்று. வெர்டி அதைப் பன்றிக்குப் போட்டுவிட்டுப் பன்றியைத் திட்டினாள்.

இப்போது பானையில் கொதிப்பது அதில் தப்பியது. வெர்டி மரக்கரண்டியால் மசித்தாள், பாகை ஊற்றினாள், இஞ்சிப்பொடியும் பட்டையும் போட்டாள். அவள் காதில் போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஹெட்டி சொல்லிவிட்டுப் போனதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்டி மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் பாகு காய்ச்சும் குடும்பம். ஓடைக்கரைச் சங்கதி எதுவும் அவளுக்கு எட்டியிருக்கவில்லை.

"எத்தனை அடுக்கு வரும் சம்பந்தி?" என்று கேட்டிருந்தாள்.

"வரும், எல்லாரும் கொண்டாருவாங்க."

"எனக்குப் பத்து வந்துச்சு. என் மூத்த மருமகளுக்கு மூணே மூணு. என்னடா இதுன்னு விசாரிச்சேன். அவ அப்பன் பக்கத்து வீட்டுப் பன்னியைத் திருடித் தின்னவனாம்! இன்னைக்கும் அவளைப் பாத்தா எனக்குப் பன்னி ஞாபகந்தான். அடுக்கு பொய் சொல்லாது சம்பந்தி."

"ஆமா."

"பன்னி திருடினாக்கூடப் போவுது. என் தம்பி காலை அங்கிட்டுச் சுரங்கத்துல கருங்காலிப் பயலுக உடைச்சுப் போட்டானுக. இன்னும் நொண்டுறான். அந்த மாதிரி வீட்டு வாசலைக்கூட நான் மிதிக்க மாட்டேன்."

வெர்டி காபியை ஊற்றினாள். ஹெட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரேதான் அந்தக் கதவு. நல்லவேளை, எழுத்து வெளிப்பக்கம் இருந்தது. கதவை வெளியே தள்ளி, வெளிச்சுவரோடு ஒட்டத் திறந்துவைத்திருந்தார்கள்.

மத்தியானம் தாண்டியதும் வெர்டி ரோஷத்தைக் கழற்றிவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மொஸெல் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்கு வந்த?"

"ஆப்பிள் கொதிக்குதுடீ."

"மோந்தேன். ஓடை பூரா நாறுது."

"டெசி உன் கையில பொறந்தவ."

"அவ பொறந்தப்ப அவ அப்பன் மனுசனா இருந்தான்."

"நான் போகச் சொல்லல மொஸெல். சத்தியமாச் சொல்றேன், எழுந்து பாக்குறேன், ஆளையும் காணோம் தொப்பியையும் காணோம்."

"அன்னைக்குச் சாயங்காலம் திரும்பி வந்தான்ல? அப்ப சோறு போட்டியா இல்லையா?"

வெர்டி அன்றைக்குச் சோறு போட்டாள். பன்றிக்கறியும் போட்டாள்.

"ஒரே ஒரு அடுக்கு. நீ கொண்டு வந்தா மத்தவளுகளும் வருவாளுக."

"மாவு எங்க இருக்கு? வந்து பாரு என் டப்பாவை. எலி வந்து அழுதுட்டுப் போவுது."

"நான் தர்றேன் மாவு!"

வெர்டி அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மொஸெல் கோடாலியைக் கட்டையில் இறக்கிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பெனிக் கடை மாவை நீ குடுப்ப, நான் சுடணும், உனக்கே தூக்கிட்டு வந்து நிக்கணும். கையையும் வெட்டிக் குடுத்துரட்டுமா? போடீ. எல்லா அடுக்கையும் நீயே சுட்டுக்க. என்னுதையும் சேர்த்து நீயே சுட்டுக்க!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வெர்டி மேடேறி வரும்போது அந்தப் பேச்சு அவள் கூடவே ஏறி வந்தது.

ஓடைக்கரையில் ஒவ்வொருத்தி அடுக்குக்கும் ஓர் அடையாளம் உண்டு. அடுக்கினபின் ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும் என்பதால் எல்லா ஜம்பமும் ஓரத்தில்தான். ஐடா முள்கரண்டியால் சுற்றிலும் குத்துவாள். லீனாவின் அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, அதனால் அவள் அடுக்கு எப்போதும் ஒருபக்கம் கருகும். மொஸெல்தான் எல்லாரையும்விடக் கைநேர்த்தி. தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் வெள்ளி விரல்பூண் ஒன்று அவளிடம் உண்டு. அதன் விளிம்பால் மாவின் ஓரத்தில் பிறைபிறையாக வரிசை போடுவாள். இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாணத்துக்கு இவற்றையெல்லாம் கையில் வாங்கி அடுக்கியிருப்பாள் வெர்டி! கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்வாள், எது யாருடையது என்று.

மாவில் பன்றிக்கொழுப்பைப் பிசிறினாள். மோரும் பாகும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்தாள். இரும்பு வாணலியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டாள். ஐடாவுக்காக முள்கரண்டி எடுத்துக் குத்தினாள். லீனாவுக்காக வாணலிக்கு அடியில் ஓர் ஆணியை முட்டுக்கொடுத்துச் சாய்த்து, வேண்டுமென்றே ஒருபக்கம் கருகவிட்டாள். கருகியது சரியாக வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே தன்மேலேயே அருவருப்பும் வந்தது. மொஸெலின் அடுக்குக்குத் தன் தையல்பெட்டியிலிருந்து விரல்பூணை எடுத்துத் துடைத்து, பிறைமேல் பிறையாக அழுத்திக்கொண்டிருந்தபோது டெசி உள்ளே வந்தாள்.

"யாரும்மா வந்தா?"

"எல்லாருந்தான். நீ கொட்டாயில இருந்தப்ப வந்துட்டுப் போனாங்க."

டெசி வரிசையாக ஆறவைத்திருந்ததைப் பார்த்தாள். தாயின் விரலில் இருந்ததைப் பார்த்தாள்.

"மொஸெல் அத்தை வந்தாங்களா?"

"வந்தா."

"வந்து, மாவை மட்டும் குடுத்துட்டு, கோடு நீ போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போனாங்களா?"

"வாயை மூடுடீ. உன் மாமியா எண்ணுவா. எண்ணிக்கை குறைஞ்சா விசாரிப்பா. விசாரிச்சா நீ இந்த வீட்டுலயே கிடந்து சாக வேண்டியதுதான்."

"பொய்யை வச்சு என் கல்யாணத்தை அடுக்குறியேம்மா."

"உண்மையை வச்சு அடுக்க ஒருத்தியும் வரலையே, என்ன செய்யச் சொல்ற?"

சாயங்காலம் ஆர்லி சுரங்கத்திலிருந்து வந்தான். முகம் முழுக்கக் கரி, கண் மட்டும் வெள்ளை. ஆர்லியைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவன் கெட்டவனில்லை. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். தான் செய்தது சரி என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு அடி வாங்கலாம்.

"அடேங்கப்பா, எத்தனை அடுக்கு! நான் சொன்னேன்ல, ஊரு மறந்துரும்னு."

"எல்லாம் நான் சுட்டது."

ஆர்லி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "நான் யாருக்காகப் போனேன்? இவ கல்யாணத்துக்குத்தான?"

"நீ போனதாலதான்யா கல்யாணத்துக்கு ஒரு நாயும் வரல."

"குளிரு வந்துருக்கும். என்னத்தைத் தின்னுருப்பீங்க?"

"மொஸெல் தின்னுறதைத் தின்னுருப்போம்."

வெர்டி அடுக்கினாள். ஓர் அடுக்கு, ஒரு கை கூழ், மறுபடி அடுக்கு. மொஸெலின் பிறை வரிசையை நடுவில், கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் வைத்தாள். மொத்தம் எட்டு. வெள்ளைத்துணியால் மூடி ஊற்றுநீரால் குளிர்ந்திருக்கும் ஊற்றடி அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

சனிக்கிழமை கல்யாணத்துக்காகத் தேவாலயச் சபைக்கு ஓடைக்கரைப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள் இல்லை. கருங்காலி மகளுக்கு எத்தனை அடுக்கு வந்திருக்கும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பாட்டு நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லி திரும்பி ஒருமுறை தலையசைத்தான். யாரும் அசைக்காததால் தலையை என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

பின்னறை மேசையில் கேக்கை வைத்து வெர்டி துணியை எடுத்தாள். பெண்கள் சுவரோரமாக நின்று பார்த்தார்கள். ஐடாவின் வாய் திறந்தது. லீனா கழுத்தை நீட்டித் தன் கருகலைப் பார்த்தாள். யாருடைய வேலை என்று அவர்களுக்குப் புரிய ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெர்டி அதை எதிர்பார்த்திருந்தாள். திட்டட்டும், ஆனால் ஹெட்டி எதிரில் திட்டமாட்டார்கள், அந்த அளவுக்கு டெசிமேல் ஈரம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஐடா தன் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பது மாதிரி, காதில் விழட்டும் என்றே.

"பிறை போட்டுருக்காளே பாவி! அந்த விரல்பூணைத்தான் செப்டம்பர்லயே மொஸெல் சாமான்காரன்கிட்ட ஒரு மூட்டைச் சோளமாவுக்குக் குடுத்துட்டாளே."

"ஊருக்கே தெரியும்."

"இவளுக்குத் தெரியலையே."

வெர்டி மேசையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பேசாத வீட்டுக்கு எந்தச் சேதியும் வராதுதான். ஆர்லி சுரங்கத்துக்குள் இறங்கியதால்தான் அந்த விரல்பூண் மாவுக்கு விலையாகியிருக்கிறது. அதே பிறையை இவள் எடுத்து, கம்பெனி மாவில் வரிசையாகப் பதித்து, ஊர் நடுவே மேசைமேல் வைத்திருக்கிறாள். மொஸெல் சுவரோரம் நின்று அந்தப் பிறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அது வெர்டிக்கு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

ஹெட்டி வந்தாள். கீழிருந்து மேலாக விரலை வைத்து எண்ணினாள்.

"எட்டு. பரவால்ல சம்பந்தி." கேக்கைச் சுற்றி நடந்தாள். பிறை வரிசையில் நின்றாள். "அட, இது யாரு கைவேலை? எங்க பக்கத்துல இப்படிப் போட ஆளே இல்ல. யாரு இதைக் கொண்டாந்தது?"

லீனா தரையைப் பார்த்தாள்.

"யாருங்க?" ஹெட்டி சுவரோரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு வெர்டியைப் பார்த்தாள். "சம்பந்தி?"

வெர்டி கேக்கை மூடியிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். டெசி மாப்பிள்ளை பர்லின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், வெள்ளை உடைக்கு மேலே அவள் முகமும் வெள்ளையாக இருந்தது. ஐடா பேசுவதற்காக மூச்சை இழுத்தது கேட்டது.

"என்னுது," என்றாள் மொஸெல்.

ஐடா இழுத்த மூச்சை விடவில்லை.

"நீங்களா! எதால போட்டீங்க?"

"விரல்பூணால."

"எனக்கு ஒருதரம் காட்டுங்களேன்."

"கையில இல்ல."

"அப்ப இந்த முள்ளுக்குத்து?"

ஐடா மொஸெலைப் பார்த்தாள். "என்னுது," என்று பல்லுக்குள்ளிருந்து சொன்னாள். லீனாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "கருகினது நான். எப்பவும் நாந்தான்," என்று அழாத குறையாகச் சொன்னாள். ஹெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டெசியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நல்ல ஊர்ல பொறந்த பொண்ணு," என்றாள்.

கேக்கை வெட்டிக் கொடுத்தார்கள். ஓடைக்கரைப் பெண்கள் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடலையா?" என்று ஹெட்டி கேட்டாள்.

"வீட்ல பிள்ளைங்களுக்கு," என்று கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்கள்.

வண்டி புறப்படுமுன் டெசி குனிந்து தாயின் காதோடு சொன்னாள். "நான் இனி இங்க வரமாட்டேம்மா. நீ வந்து பாரு. அப்பாவைக் கூட்டிட்டு வராத." அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் சொன்னாள். வண்டி மேடேறி மறைந்தது. ஆர்லி கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட வெர்டி சபைக்குப் பின்பக்கம் போனாள். வேலிக்கம்புகளின் தலையில் கேக் துண்டுகள் இருந்தன. கம்புக்கு ஒன்றாக, கொள்ளாத மிச்சம் கீழே புல்லில், ஒன்றுகூடக் கடிபடாமல். ஐடா, லீனா, மற்ற எல்லாரும். பசித்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு. காக்கைகள் கொத்த ஆரம்பித்திருந்தன. நடுக்கம்பில் இருந்த துண்டில் பாதிப் பிறை ஒன்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். மொஸெல். கையில் துணிமூட்டை.

"பிடி."

வெர்டி வாங்கிப் பிரித்தாள். ஓர் அடுக்கு. ஓரத்தில் பிறை இல்லை, குத்து இல்லை, ஒன்றும் இல்லை. கத்தியால் மொட்டையாகச் சீவிவிட்டிருந்தது.

"கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே மொஸெல்."

"தெரியும். சபையில நின்னு என்னுதுன்னு சொன்னேன். உன் வீட்டுல என் பேர்ல ஒரு பொய்யை விட்டுவைக்க மாட்டேன். இந்தா, இதான் என்னுது. என் அடுக்கு இப்ப இப்படித்தான் இருக்கும், பாத்துக்க. ஐடா பாதி மாவு, லீனா பாதி மாவு. கம்பெனி மாவு ஒரு சிட்டிகை கிடையாது."

"விரல்பூண் போனது எனக்குத் தெரியாதுடீ."

"எப்படித் தெரியும்? உங்கிட்ட யாரு பேசுறா?"

வெர்டி ஏப்ரன் பையிலிருந்து தன் விரல்பூணை எடுத்து நீட்டினாள். "இதை வச்சுக்க."

"நீயே வச்சுக்க. உன் புருசன் வாயைத் தைக்க ஆகும்."

மொஸெல் படியிறங்கினாள். பாதி மேடு இறங்கினபின் திரும்பாமலே நின்றாள்.

"டெசிக்குப் பிரசவ வலி எடுத்தா எனக்கு ஆள் அனுப்பச் சொல்லு. நீ வந்து கூப்பிடாத. நீ கூப்பிட்டா வரமாட்டேன்."

பேச்சுக்குரல் கேட்டு ஆர்லி காபிக் கோப்பையோடு வந்தான். மேசைமேல் இருந்த அடுக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது யாரு குடுத்தது?"

"மொஸெல்."

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல. கொஞ்ச நாள் போனா எல்லாம் மறந்துரும்னு." காபியில் தோய்த்துத் தின்ன ஒரு விளிம்பை உடைக்கக் கையை நீட்டினான்.

"கையை எடு."

"ஏன்?"

"இது பொண்ணு வீட்டுக்கு ஊர் குடுத்த அடுக்கு."

"அப்ப நான் யாரு?"

வெர்டி அடுக்கைத் துணியில் திரும்பவும் சுற்றினாள். நான்கு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"வாசக்கதவுல இன்னும் லேசாத் தெரியுது," என்றாள். "போய்ப் படிச்சுப் பாரு."